ஒரு மணிக்கு ஒரு சொம்பு

“குடிங்க மேஸ்திரி. அடியில இன்னும் கெடக்குது பாருங்க.”

வரப்பின் மேல் நின்றுகொண்டு திரௌபதி சொம்பை எட்டிப் பார்த்தாள். பச்சமுத்து மேஸ்திரி அவளை ஒரு முறை முறைத்துவிட்டு மிச்சத்தையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். மணி எட்டுகூட ஆகவில்லை. விடிந்ததிலிருந்து இது மூன்றாவது. கைக்கு அடக்கமான சொம்பும் இல்லை அது. முழு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் சொம்பு.

“நீ உப்பு வார வர்றியா, என் வயித்த அளக்க வர்றியா?”

“முதலாளிதான பாத்துக்கச் சொன்னாரு. எனக்கென்னா ஆசையா?”

போன வாரம் மயக்கம் போட்டு விழுந்ததால் வந்த வினை இது.

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்திரண்டு வருஷமாக நிற்கிற ஆள் பச்சமுத்து. எந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது, எந்த மடையை எப்போது திறப்பது என்று அவர் வாயைத் திறந்தால்தான் அங்கே உப்பு வாரும் பலகை அசையும். அப்பேர்ப்பட்டவர் சித்திரை வெயிலில், முதலாளி சுப்ராயன் எதிரிலேயே, சொல்லிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு உப்புக் குவியலின் மேல் சாய்ந்துவிட்டார். படுத்துக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு வாரம் ஒரு நாள் வந்துபோகிற மருத்துவ வேன் அன்றைக்கு ரோட்டில் நின்றது. தூக்கிக்கொண்டு போய் அதில் போட்டார்கள்.

“காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?” என்று நர்ஸ் சில்வியா கேட்டாள்.

“ஒரு டீ.”

“தண்ணி கேட்டேன் ஐயா.”

“தண்ணி ஊத்தாம டீயா?”

நர்ஸ் அவரை எடை பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கையில் தோலைக் கிள்ளி, அது எப்போது கீழே இறங்குகிறது என்று பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். உடம்புக்கு உடம்பு வேற, எடை வேற, வெயில்ல நிக்கிற நேரம் வேற, வேர்வை வேற, பக்கத்து ஆளு குடிக்கிற அளவு உங்களுக்குச் சரிவராது என்று நீட்டிக்கொண்டே போனாள். பச்சமுத்து காதில் வாங்கவில்லை. சும்மா வருகிற வேன் கடைசியில் எதையாவது தலையில் கட்டாமல் போகாது என்று அவருடைய கண் அந்தம்மாவின் பை மேலேயே இருந்தது.

பையிலிருந்து ஒரு சீட்டுதான் வந்தது.

“உங்களுக்கு மட்டும் எவ்ளோன்னு இதுல எழுதியிருக்கேன். படிக்கத் தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துக் கேட்டுக்குங்க. அந்த அளவு குடிச்சாப் போதும், மயக்கம் வராது.”

வெளியே வந்ததும் முதலாளி பிடித்துக்கொண்டார்.

“தோ பாரு பச்சமுத்து. சீட்டுல போட்டபடி குடி. இன்னொரு வாட்டி அளத்துல விழுந்தேன்னு வெச்சுக்கோ, தேசப்பன்தான் மேஸ்திரி. நீ ஊட்ல குந்திக்கோ.”

பக்கத்தில் நின்ற தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த முகத்தில் சிரிப்பு இருந்ததைப் பச்சமுத்து பார்த்தார்.

வீட்டில் குந்துவதா? மாட்டுக்குக் கூட அங்கே மரியாதை உண்டு, பச்சமுத்துவுக்குக் கிடையாது. சம்சாரம் ஞானாம்பாள் அவரை விளக்குமாற்றைத் தாண்டி உட்காரச் சொல்வாள். வரப்பில் ஏறி நின்றால்தான் அவர் மேஸ்திரி.

சீட்டை யாரிடம் படிக்கக் கொடுப்பது என்பதில் அன்று சாயங்காலம் போயிற்று. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஞானாம்பாளுக்கு அதுவும் வராது. தேசப்பன் பத்தாவது வரை போனவன், ஆனால் அவனிடம் கொடுப்பதும் கடலில் போடுவதும் ஒன்றுதான். முதலாளியிடம் கொடுத்தால், இதுகூடத் தெரியாதா என்பார். மறுநாள் காலையில், உப்பு வாருவதோடு எல்லோருக்கும் தண்ணிப்பானையும் சுமந்து வருகிற திரௌபதியைக் கூப்பிட்டார். அறிவொளி வகுப்பில் நாலு எழுத்துக் கற்றவள்.

அவள் எழுத்துக்கூட்டி உதட்டை அசைத்தாள். ஒரு தரம் அவரைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

“ஒரு மணிக்கு ஒரு சொம்புன்னு போட்டுக்குது மேஸ்திரி.”

“சொம்பா?”

“சொம்புதான்.”

பச்சமுத்து ஒருத்தர் வார்த்தையை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கியவர் இல்லை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கிழக்குப் பாத்திக்குப் போனார். திரௌபதி பானையைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வரப்பில் அவரை முந்திக்கொண்டு போனாள்; தண்ணி ஊற்றுகிற வேலைதானே என்று அவர் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஒன்பதாவது படித்த சங்கீதா உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவளும் சொம்பு என்றாள். அதுவும் போதவில்லை. தெற்குக் கோடியில் கூடை சுமக்கிற சரண்யாவிடம் போய், எதுவும் சொல்லாமல் நீட்டினார். அவள் படித்துவிட்டு, “ஐயோ பாவம், ஒரு மணிக்கு ஒரு சொம்பா?” என்றாள்.

மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தவர்கள். ஒரே சொல்தான் வந்தது. அதன் பிறகுதான் பச்சமுத்து நம்பினார். மத்தியானத்துக்குள் இடுப்பில் செருகியிருந்த சீட்டு வேர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது. அளவுதான் தெரிந்துவிட்டதே, சீட்டு எதற்கு?

தண்ணீர் உள்ளே போவது ஒரு கஷ்டம் என்றால் அது வெளியே வருவது ஒன்பது கஷ்டம். உப்பளத்தில் யாரும் ஒதுங்கக் கூடாது. பாத்தியில் செருப்புக்கால் படக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, மற்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தச் சட்டத்தைக் காவல் காக்கிறவரே பச்சமுத்துதான். வரப்போரம் ஒதுங்கிய ஒருத்தனை அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தியவர். அவசரம் என்றால் வரப்பு வரப்பாக நடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, வேலிக்காத்தான் முள்காட்டுக்குத்தான் போக வேண்டும். போக வர அரை மணி.

முதல் நாள் அடக்கிப் பார்த்தார். பத்து மணிக்கு மேல் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தவரிடம், “எந்த மடை மேஸ்திரி?” என்று ஓர் ஆள் கேட்டான். “எதையாச்சும் தொற!” என்று கத்திவிட்டு ஓடினார். அவன் எதையோ திறந்தான். விளைந்து கிடந்த பாத்தியில் புதுக் கடல்தண்ணீர் புகுந்து, ஆறு நாள் உப்பு அரை நாளில் கரைந்தது.

இரண்டாம் நாள் தந்திரம் செய்தார். “வெச்சுட்டுப் போ, மெதுவா குடிக்கிறேன்” என்று திரௌபதியை அனுப்பிவிட்டு, ஆள் பார்க்காத நேரம் பார்த்துச் சொம்பை உப்புக் குவியலுக்குப் பின்னால் கவிழ்த்தார். ஐந்து சொம்பு. சாயங்காலம் முதலாளி குவியலைச் சுற்றி வந்தபோது ஒரு பக்கம் ஆள் உட்காருகிற அளவுக்குக் குழிந்திருந்தது.

“என்னாய்யா இது? இங்க மட்டும் மழையா பேஞ்சுது?”

“நல்ல தண்ணி பட்ட பள்ளம் முதலாளி,” என்றான் தேசப்பன், கேட்காமலே.

அன்றிலிருந்து திரௌபதி சொம்பு காலியாகும்வரை நகர்வதில்லை. “உள்ள எறங்கிச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

“நீயும் ஒரு சொம்பு ஊத்திக்கோயேன், தெரியும் சேதி!” என்று பச்சமுத்து ஒரு நாள் எரிந்து விழுந்தார்.

“நாங்க எங்க மேஸ்திரி குடிக்கிறது? அஞ்சு மணிக்கு எறங்குனா ரெண்டு மணி வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு கெடக்கிறோம். ரோட்ல பஸ்ஸும் காரும் போவுது, நாங்க எங்க போயி குந்தறது?”

“அதான் கம்மியா குடிங்கன்னு அப்பவே சொன்னேன்.”

“சொன்னீங்க, சொன்னீங்க” என்றபடி அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மகனுடைய சைக்கிளைக் கொண்டுவந்து வரப்பில் சாத்தினார். நடந்தால்தானே அரை மணி, ஓட்டினால் பத்து நிமிஷம். கணக்கு சரிதான், வரப்புதான் ஒரு முழம் அகலம். இரண்டாவது திருப்பத்தில் சைக்கிளோடு பாத்தியில் இறங்கினார். செருப்புக்காலோடு. பாத்தி முழுக்கச் சேறு கலங்கியது. எழுந்து நின்றபோது உடம்பெல்லாம் உப்பு, உதடெல்லாம் உப்பு. அந்த நேரம் பார்த்துத் திரௌபதி அடுத்த சொம்போடு நின்றாள்.

“மணி ஆயிடுச்சி மேஸ்திரி.”

நாலாம் நாள், ரோட்டைத் தாண்டும்போது புதுச்சேரி பஸ் கண்டக்டர் தெரிந்தவர் மாதிரி கையை ஆட்டினார்.

ஐந்தாம் நாள்தான் பெரிய கூத்து. வானூர் வியாபாரியின் லாரி வந்து நின்றது. எந்தக் குவியலை ஏற்றுவது என்று சொல்ல மேஸ்திரி இல்லை. “காட்டுக்குப் போயிக்கிறாரு” என்றார்கள். அரை மணி பார்த்தார்கள். தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏத்துங்கப்பா, நான் சொல்றேன்” என்று முந்தாநாள் வாரிய ஈர உப்பைக் காட்டிவிட்டான். பாதி லாரி ஏறிய பிறகு வியாபாரி ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்தார். தண்ணீர் சொட்டியது.

பச்சமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தபோது வியாபாரி கத்திக்கொண்டிருந்தார், முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

லாரி காலியாகவே போனது. முதலாளி திரும்பினார்.

“ஒரு நாளைக்கு எத்தினி தரம்யா போற?”

“ஏழு, எட்டு.”

“எட்டு அரை மணி நாலு மணி. என் மேஸ்திரி பாதி நாளு முள்ளுக்காட்ல நிக்கிறான். தண்ணிய நிறுத்து, இல்ல வேலைய நிறுத்து.”

“தண்ணிய நிறுத்துனா உழுவேன். உழுந்தா தேசப்பன்னு நீங்கதான சொன்னீங்க?”

“குடிச்சாலும் தேசப்பன்தான் போலக்குது!”

தேசப்பன் துண்டை இன்னொரு தரம் உதறினான். அந்த உதறலில்தான் பச்சமுத்துவுக்கு வாய் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதலாளியிடம் எதுவும் கேட்டதில்லை அவர்.

“இங்கயே ஒரு கக்கூஸ் கட்டுங்க முதலாளி.”

“என்னா?”

“பம்பு ஷெட்டுக்குப் பின்னால. அளத்து எல்லைக்கு வெளிய ஒரு முழம் தள்ளி. தீட்டும் இல்ல, அரை மணியும் ஆவாது. குடிக்கிற மனுஷன் போவ வாணாமா? குடி குடின்னு மட்டும் சொன்னா போதுமா? மாடு கூட நின்ன எடத்துல போவுது!”

முதலாளி ஓர் அடி முன்னால் வந்தார்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி பொம்பளைங்க வந்து இதத்தான கேட்டாளுங்க? அளத்துல கக்கூஸ் வந்தா உப்பு வெளையாது, நாளு பூரா அங்கயே குந்திக்கினு இருப்பாளுங்கன்னு நீதான சொல்லி வெரட்டுன?”

“அப்ப எனக்குத் தெரியாது.”

“என்னா தெரியாது?”

“அடக்கறது எப்பிடிக்குதுன்னு” என்று சொல்லிக்கொண்டே பச்சமுத்து மறுபடி ரோட்டுப் பக்கம் பார்த்தார். கால் தானாக நகர்ந்தது.

முதலாளிக்கு வேறு வழி தெரியவில்லை. நல்ல வெயில், லாரிகள் வருகிற காலம். தேசப்பன் ஏற்றிய ஈர உப்பு இன்னும் கண்ணெதிரில் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே ராஜவேல் கொத்தனார் செங்கல்லோடு வந்தார். நாலு நாளில் ஓர் அறை, ஒரு கதவு, மேலே சிமெண்ட் ஷீட்டு. பச்சமுத்து அந்த நாலு நாளும் முள்காட்டுக்குப் போகிற வழியில் நின்று, “தாழ்ப்பாள் உள்பக்கமா வெய்யிப்பா” என்று கொத்தனாருக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை. இரண்டாவது சொம்பு முடிந்தது. மேஸ்திரி அவசரப்படவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தேசப்பன் முன்னால் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். நாற்பது தப்படிதான். மேஸ்திரி வேலையும் போகவில்லை, மயக்கமும் வரவில்லை, தனக்கென்று ஒரு கட்டடமே எழும்பிவிட்டது. ஊரில் யாருக்கு இது வாய்த்தது?

பம்பு ஷெட்டைத் திரும்பினவர் நின்றுவிட்டார்.

கதவு சாத்தியிருந்தது. வெளியே வரிசை. சங்கீதா, சரண்யா, கிழக்குப் பாத்தி, தெற்குக் கோடி, மொத்தம் பதின்மூன்று பெண்கள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணிப்பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

“ஏம்மா, என்னா இது?”

“தண்ணி குடிச்சோம் மேஸ்திரி” என்றாள் சங்கீதா.

“இது எனக்காவக் கட்டுனது!”

“நாங்க இல்லன்னு சொன்னமா? வரிசையில வாங்க.”

பச்சமுத்து ஒரு காலை மாற்றி நின்றார். பிறகு இன்னொரு காலை. முள்காட்டுப் பக்கம் பார்த்தார். அது இன்றைக்கு முன்னைவிடத் தூரத்தில் இருந்தது. பெரிய மனுஷன் என்பதை மறந்து முன்னால் போய்க் கதவைத் தட்டினார்.

“யாரு உள்ள? சீக்கிரம் வாம்மா! ஒரு மணிக்கு ஒரு சொம்பு குடிக்கிறவன்மா நானு, உங்கள மாதிரியா? என்னால நிக்க முடியாது!”

உள்ளேயிருந்து திரௌபதியின் குரல் நிதானமாக வந்தது.

“நாளையிலேர்ந்து டம்ளர்லயே குடிங்க மேஸ்திரி. நர்ஸம்மா சீட்டுல எழுதுனது அதான்.”