பழைய வீடும் என் மதியத் தூக்கமும்

என் ஆபீஸ் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு வருவேன், சாப்பிடுவேன், இருபது நிமிஷம் தூங்குவேன். நானாகச் சம்பாதித்த சொத்து என்றால் அந்த இருபது நிமிஷம்தான். அதற்கும் ஆபத்து வந்தது, பேப்பர் விளம்பர ரூபத்தில்.

"ஏங்க, ராஜா காலத்து ஊராம். கோட்டைச் சுவரை ஒட்டி மூணு ரூம் வீடு, தோட்டம் வேற. நம்ம கைக்கு எட்டுற விலைதான்" என்றாள் மனைவி.

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம்தான்."

அந்தத் 'தான்'-இலேயே என் இருபது நிமிஷம் பறிபோய்விட்டது. இந்த வீட்டை வாங்க விடக்கூடாது என்று அங்கேயே சபதம் எடுத்தேன். ஆனால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பத்திரம் பதிந்துவிடுவாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில், நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. நான் புகழ்ந்த சேலை கடையிலேயே தங்கிவிடும். ஆகவே அந்த வீட்டை வாய் வலிக்கப் புகழ்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். மகளோடு போய் இருக்கப் போகிறாராம். உள்ளே நுழையும்போதே வாசல் நிலை என் நெற்றியில் ணங்கென்று இடித்தது.

"அடடா! குனிஞ்சு குனிஞ்சு போனா முதுகுக்கு நல்ல பயிற்சி!" என்றேன், கண்ணில் நீர் முட்ட.

"தினம் இடிச்சுக்குவாரு. மருந்துச் செலவை நீங்களா தருவீங்க?" என்று தபால்காரரைக் கேட்டாள் மனைவி.

ஆஹா, திட்டம் வேலை செய்கிறது!

"சுவரைப் பாரு, யானை மோதினாலும் அசையாது!"

"ஆணி இறங்குமா? பழைய வீடு, எதையும் மாத்தக் கூடாதுன்னு தெருமுனையில போர்டே வச்சிருக்காங்க."

"சமையலறை எப்படிக் குளுகுளுன்னு இருக்கு!"

"இருட்டா இருக்குன்னு சொல்லுங்க."

தபால்காரர் முகம் சுருங்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"வாசல்லயே பஸ் ஸ்டாப்! அஞ்சரைக்கு முதல் பஸ்ஸாம். விடிகாலைல பஸ்ல போறது மாதிரி உடம்புக்கு நல்லது வேற என்ன இருக்கு?"

இதற்கு மட்டும் அவள் குறை கண்டுபிடிக்காமல் தலையாட்டினாள்.

வெற்றியோடு வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் போன் அடித்தது. இரண்டு நிமிஷம் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

"தபால்காரர் விலையில பத்துல ஒரு பங்கைக் குறைச்சுட்டாருங்க. வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டேன்."

"நீதானே அதைக் குப்பைன்னே!"

"ரெண்டு பேரும் புகழ்ந்தா விலை ஏறும். ரெண்டு பேரும் மட்டம்னா மனுஷன் கோவிச்சுக்குவாரு. ஒருத்தர் புகழணும், ஒருத்தர் குறை சொல்லணும்."

"நான் புகழுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி வர்றான்னா 'ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டுமே'ம்பீங்களே, அன்னைக்கே தெரியும். உங்களுக்குப் பிடிக்காததைத்தானே இப்படிக் கொண்டாடுவீங்க?"

"என் ஆபீஸ்?"

"அஞ்சரை பஸ். உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என் மதியத் தூக்கம்?"

"இருபது நிமிஷத்துக்குப் போய் அழுறீங்களே! பஸ்ல போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். நல்லாத் தூங்குங்க."

அவள் சொன்னபடிதான் இப்போது தினமும் நாலு மணி நேரம் தூங்குகிறேன், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே.