எங்கள் காலனி வடதுருவத்துக்குக் குடிபோன கதை

கூச்சம் உள்ள ஆளை ஊரில் எல்லாரும் நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர் உண்டு. உண்மை என்னவென்றால், எனக்குக் கேள்வி கேட்க வராது. யாராவது ஒன்றை விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்றால், புரிந்தவன் ஒரு முறை தலையாட்டுவான். நான் மூன்று முறை ஆட்டுவேன். (பேச்சு சீக்கிரம் முடியும் அல்லவா?) அப்படி ஆட்டிய ஒரு தலையாட்டலில், நாங்கள் குடியிருக்கும் காலனியையே பெயர்த்துக்கொண்டு போய்ப் பனிப்பாறைமேல் வைத்துவிட்டேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் பஸ் டிரைவர். ஐந்தாவது வரை படிப்பு. விடியும் முன்னே மொபெட்டில் கம்பெனி ஷெட்டுக்குப் போய், பஸ்ஸை எடுத்துக்கொண்டு மாதனூர்ப் பக்கத்து ஊர்களைச் சுற்றி, பெண்களை ஏற்றி வந்து இறக்குவேன். அதில் ஒருத்தி என் மனைவி சுகுணா. தையல் பிரிவில் வேலை. எங்கள் காலனி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. வழியில் தைல மரக்காடு, ஒரு ஓடை, கணக்கில்லாத நாய்கள். பஸ் உள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும் என்பதால் யாருக்கும் அது பெரிய தூரமாகத் தெரியவில்லை.

ஒருநாள் கம்பெனியில் மேப் வந்தது. வேலை செய்பவர்களின் விலாசத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டால், ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு புள்ளி விழும். புள்ளிகளைப் பார்த்து, எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்சி என்ற பெண்தான் இதைக் கவனித்தாள். அவள் எனக்கு அந்த மேப்பைக் காட்டியபோது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பாலாறு தெரிகிறது. மாதனூர் பாலம் தெரிகிறது. எங்கள் காலனி இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

"எங்க வீடுங்க எல்லாம் எங்கம்மா?"

"அதாண்ணா பேஜாரு. உங்க காலனில எல்லாருக்கும் ஒரே கதவு நம்பரு. தெருப் பேரும் இல்ல. கம்ப்யூட்டர் தேடிப் பாத்துச்சு, கெடைக்கல. கடைசில மாதனூர் போஸ்ட்னு இருக்குதில்ல? எல்லாரையும் போஸ்ட் ஆபீஸ்ல வெச்சுடுச்சு."

உற்றுப் பார்த்தேன். போஸ்ட் ஆபீஸ் மேல் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஈ மொய்த்த பலாச்சுளை மாதிரி கிடந்தன. காலனியே அங்கே குடியிருந்தது.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மேனேஜருக்கு வசதியாக இருந்தது. "எல்லாரும் மெயின் ரோட்லயே இருக்காங்களே, பஸ் ஏன் உள்ள போவுது? அடுத்த மாசத்திலேர்ந்து போஸ்ட் ஆபீஸ் ஸ்டாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். சுகுணாவுக்கு முட்டி வலி. மருத்துவமனையில் ஜாஸ்தி நடக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஓடையும் காடும் தாண்டி இரண்டு வேளையும் நடப்பது என்றால், அவள் வேலையை விட வேண்டியதுதான். அவள் மட்டும் இல்லை, இன்னும் பல பேர்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரிங்கன்னு சொன்னேன்."

சுகுணா என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் 'யோவ்' வரும்.

"யோவ்! தெனம் நீதானே உள்ள வந்து ஏத்திக்கினு போற? வீடு எங்க கீதுன்னு ஒனக்குத் தெரியாதா? வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

மறுநாள் நான் மெர்சியின் மேசை அருகே போய் நின்றேன். எதுவும் பேசாமல் நின்றதால் அவளே புரிந்துகொண்டாள். "ஒரு வழி கீதுண்ணா. நீங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு போன்ல மேப்ப அழுத்துனா ரெண்டு நம்பர் வரும். அத இதுல போட்டு அனுப்பிடுங்க. திங்கக்கெழம மீட்டிங். அதுக்குள்ள புள்ளிங்க சரியா வந்துட்டா, ஸ்டாப்ப யாரும் எடுக்க முடியாது."

என் போனில் இரண்டு காலிக் கட்டங்கள் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாள். பழகுவதற்காகக் கம்பெனி வாசலில் நிற்கவைத்து அந்த இடத்தின் நம்பர்களை அவளே போட்டுக் காட்டினாள். அவள் விரல் ஓடிய வேகத்தில் எது எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

"புரிஞ்சுதாண்ணா?"

மூன்று முறை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடேயே கிளம்பினேன். முதல் வீட்டு வாசலில் நின்று அழுத்தினேன். ஒரு பன்னிரண்டு வந்தது. அதன் பின்னால் புள்ளி வைத்து நீண்ட வால். அடுத்து ஒரு எழுபத்தெட்டு. அதற்கும் வால். நாலடி நகர்ந்தேன். பன்னிரண்டும் எழுபத்தெட்டும் அசையவில்லை; வால் மட்டும் ஆடியது. ஓடைவரை போய்ப் பார்த்தேன். அப்போதும் வால்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் நிற்கிற இடத்துக்கென்று ஒரு நம்பர் இருக்கிறது, நான் நகர்ந்தால் அது மாறுகிறது என்பது என் வயதுக்கு அன்றுதான் தெரியும். கோழிக்கூண்டுக்கு ஒரு நம்பர், அடிபம்புக்கு ஒரு நம்பர். வந்த வேலையை மறந்து, ஒரு வேப்பமரத்தை மூன்று சுற்றுச் சுற்றி நம்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வள்ளியக்கா வெளியே வந்தார். கம்பெனியில் சுகுணாவுக்குப் பக்கத்து மெஷின்.

"இன்னா ஆசீர்வாதம், மரத்துக்கு வேண்டுதலா?"

நான் போனை உயர்த்திக் காட்டினேன். அதற்குள் பின்னால் ஒரு குரல்: "ரோடு போடறதுக்கு அளக்கறாங்களாம்!" இன்னொரு குரல்: "வூட்ட இடிக்கப் போறாங்களா?" கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் போனைப் பார்த்தபடி நின்றேன். நல்லவேளையாக சுகுணா வந்தாள்.

"ஒரு வூட்டயும் இடிக்கல. மேப்புல நம்பள கண்டுபிடிக்க வந்துகீறாரு. எல்லாரும் வாசல்ல நில்லுங்க, புள்ளி வெக்கணும்."

அப்புறம் நடந்தது தேர்த் திருவிழா. வள்ளியக்கா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த பிறகுதான் புள்ளி வைக்க விட்டார். "நல்லா நடுவுல வெய்யி. பக்கத்து வூட்டு மேல உழுந்துடப் போவுது. அவளுக்கும் எனக்கும் ஆவாது" என்றார். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் புள்ளியை சாமி படத்துக்கு நேராக வைக்கச் சொன்னார்கள்.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் நடந்தது. தகராறு அந்த இரண்டு கட்டங்களில். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எந்த நம்பர் எதில்? மெர்சிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணுக்குப் போன் போடுவதா? நானே யோசித்தேன். நம் பெயரை எப்படி எழுதுகிறோம்? முதலில் அப்பாவின் எழுத்து, அப்புறம்தான் நாம். கல்யாணப் பத்திரிகையில்? முதலில் தாத்தா, கடைசியில் மாப்பிள்ளை. பெரியவரை விட்டுவிட்டுச் சின்னவரை முதலில் போடுகிற வழக்கம் எங்கும் கிடையாது. எழுபத்தெட்டு பெரியவர். பன்னிரண்டு பொடியன். ஆகவே எழுபத்தெட்டை மேலே உட்காரவைத்தேன். காலனி முழுவதையும் இதே மரியாதையோடு அனுப்பி முடித்தேன்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் சுவர் அளவுக்குப் பெரிய திரை. மேனேஜர், மெர்சி, சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பி ஒருவர், கதவை ஒட்டி நான். திரையில் மாதனூர் வந்தது. எங்கள் காலனி இருக்கிற இடம் காலி. போஸ்ட் ஆபீஸும் காலி.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் போஸ்ட் ஆபீஸ்லயாவது இருந்தாங்க. இப்ப எங்கய்யா எல்லாரும்?"

சென்னைத் தம்பி எதையோ தட்டினார். "டேட்டா இருக்கு சார். எல்லாரும் இருக்காங்க. ஆனா இங்க இல்ல." மெர்சி மேப்பைச் சுருக்கினாள். வேலூர் சுருங்கியது. தமிழ்நாடு சுருங்கியது. இந்தியா ஒரு வெற்றிலை அளவுக்கு ஆனது. எங்குமே இல்லை. தம்பி மேப்பை வடக்கே நகர்த்திக்கொண்டே போனார். நாடுகள் முடிந்து, கடல் முடிந்து, திரை வெள்ளையானது. அந்த வெள்ளையில் ஒரு தீவு. தீவில் எங்கள் காலனி!

அருகில் கொண்டுபோனார்கள். புள்ளிகள் தெருவும் சந்துமாக வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, ரப்பரைப் பிடித்து இழுத்த மாதிரி நீண்டு கிடந்தன.

"வடதுருவத்துக்குப் பக்கம் சார். முழுக்க ஐஸ்" என்றார் தம்பி.

எனக்கு வியர்த்து ஊற்றியது. அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு மீட்டிங்கிலும் வாய் திறக்காதவன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்: "அங்க ஆளுங்க யாராச்சும் கீறாங்களா சார்?"

மெர்சி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"அண்ணா, எழுபத்தெட்டை ஏன் முதல்ல போட்டீங்க?"

"பெரிய நம்பர் இல்லயாம்மா?"

அதற்குமேல் மேனேஜராலும் முடியவில்லை. சென்னைத் தம்பி மட்டும் எனக்காகப் பரிந்து பேசினார். முதல் கட்டம் அட்சரேகை, அதாவது வடக்கே எவ்வளவு தூரம் என்பதற்காம்; அதில் தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தால் கம்ப்யூட்டரே தவறு என்று சொல்லியிருக்குமாம். எழுபத்தெட்டு அதற்குள் அடங்கியதால் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டதாம். (அதுவும் என் ரகம்தான் போலிருக்கிறது. புரியாவிட்டாலும் சரிங்க.)

மெர்சி, நான் எடுத்த நம்பர்களை மொத்தமாக இடம் மாற்றினாள். வடதுருவத்திலிருந்து காலனி மொத்தமும் பறந்து வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கியது. வள்ளியக்காவின் புள்ளி நட்ட நடுவில். ஆனால் மேனேஜருக்கு நம்பிக்கை போய்விட்டது. "நாளைக்கு டிரையல். பஸ் உள்ள போய் ஏத்திக்கினு டயத்துக்குக் கம்பெனிக்கு வந்ததா மேப் காட்டினா ஸ்டாப் இருக்கட்டும். இல்லன்னா போஸ்ட் ஆபீஸ்தான்" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் ஒரு சின்னத் திரை மாட்டியிருந்தார்கள். காலனியில் எல்லாரும் ஏறினார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் ஒரு புள்ளி பச்சையானது. மெயின் ரோட்டைத் தொட்டதும் திரை மீதித் தூரத்தைக் காட்டியது. எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

வள்ளியக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, டீசல் ஃபுல்லா போட்டுகினியா?"

நடந்தது இதுதான். பழகுவதற்காகக் கம்பெனி வாசலின் நம்பர்களை மெர்சி என் போனிலேயே சரியாகப் போட்டிருந்தாள் அல்லவா? மொத்தமாக இடம் மாற்றியபோது அதுவும் மாறிவிட்டது. காலனி வீடு திரும்பிவிட்டது. கம்பெனி பனிக்குள் போய்விட்டது.

நான் வழக்கம்போல் ஓட்டினேன். வழக்கமான நேரத்துக்கு வாசலில் நிறுத்தினேன். பெண்கள் இறங்கிப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேப்பின்படி நாங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தோம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்யா இன்னும் வரல?"

வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் முன்னால் நின்றுகொண்டு, நான் வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலை தானாக ஆட ஆரம்பித்தது. கதவு திறந்தது. கையில் பாதி தைத்த ஷூ மேல்பாகத்தோடு சுகுணா.

"சார், நாங்க எல்லாம் வந்து வேல ஆரம்பிச்சாச்சு. மேப்புதான் இன்னும் வரல."

மேனேஜர் அவளைப் பார்த்தார். ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்தார். கடைசியாகத் திரையைப் பார்த்தார். அதை அணைத்துவிட்டு, "ஸ்டாப் இருக்கட்டும், போங்க" என்றார்.

ஸ்டாப் நிலைத்துவிட்டது. மெர்சி அன்றைக்கே கம்பெனியையும் பனியிலிருந்து மீட்டாள். அந்த ஸ்டாப்புக்கு கம்ப்யூட்டரில் ஒரு பெயர் கொடுக்க வேண்டியிருந்ததாம். என்ன போடுவது என்று பஸ்ஸுக்கே வந்து கேட்டாள். நான் ஏதோ யோசிப்பதற்குள் பஸ் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. இப்போது எங்கள் காலனியிலிருந்து கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்கள் விண்ணப்பத்தில் 'ஐஸ் காலனி, மாதனூர் போஸ்ட்' என்றுதான் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரும் ஒரு மறுப்பும் இல்லாமல் கண்டுபிடித்துவிடுகிறது. போன மாதம் கூரியர்க்காரர் ஒருவர் வழி கேட்காமல் நேராக எங்கள் வாசலுக்கே வந்து நின்று, பார்சலை நீட்டிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏங்க, இந்த வெயில்ல இதுக்கு எவன் சார் ஐஸ் காலனின்னு பேர் வெச்சது?"

எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன். உள்ளேயிருந்து சுகுணா சத்தமாக என் பெயரைச் சொன்னாள்.