ஈமெயிலைத் துரத்திப் போன பஸ்

அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கோப்பில் மையால் எழுதியிருப்பது அரசாங்கம், பென்சிலால் எழுதியிருப்பது மனுஷன். அதிகாரி கோப்பைப் படிக்கும்போது மனதில் பட்டதை ஓரத்தில் பென்சிலால் கிறுக்குவார். கீழே இருக்கிற எழுத்தர் அதைப் படித்து, புரிந்துகொண்டு, கோப்பு மேலே போவதற்கு முன் ரப்பரால் அழித்துவிடுவார். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிர்வாகம் என்பது ஒரு துண்டு ரப்பரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அதற்கு மையும் ஒன்றுதான், பென்சிலும் ஒன்றுதான். இந்த உண்மையை நெல்லைச் சீமையில் முதலில் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த நிமிஷத்தில் நான் பட்ட பாட்டை எந்த விஞ்ஞானியும் பட்டிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், ஆற்றை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் எனக்கு இளநிலை உதவியாளர் உத்தியோகம். (ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போதைய தலைவர் இன்னும் நன்றாக இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது.) பாளையங்கோட்டையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன் என்பதால், சோதனை முயற்சியாக எங்கள் ஆபீஸுக்கு வந்து இறங்கிய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டினார்கள். அதை விற்றவர் ஒரு ஃப்ளாப்பியில் தமிழ் எழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். ஊரே என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்றது. நடை மாறிவிட்டது எனக்கு. தெற்குத் தெருவில் எருமை வைத்துப் பால் வியாபாரம் பார்த்த ஒருவர், அந்த நடையைப் பார்த்து மயங்கித் தன் மகளைக் கொடுப்பதாக நிச்சயமே பண்ணிவிட்டார்.

ஒரே ஒரு குறை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. செயல் அலுவலர், அதாவது எங்கள் ஈஓ, 'இவர் வேலைக்கு ஏற்றவர் அல்ல' என்று ஒரு வரி எழுதினால் போதும். வேலையும் போகும், தெற்குத் தெருவும் போகும்.

அந்த மாதம் மன்றம் இரண்டு விஷயங்களை முடிவு செய்தது. ஒன்று, ஆபீஸில் ஈமெயிலை எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகள். எந்த ஈமெயிலையும் முதலில் காகிதத்தில் எழுதி, கோப்பில் வைத்து, ஈஓ கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு கோப்பில் உள்ளதை உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல், அடித்து அனுப்ப வேண்டும். அனுப்பிய ஈமெயில் போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு உறுப்பினர் கேட்டதால், அதன் நகலைத் தபாலிலும் போட வேண்டும். ராகு காலத்தில் ஈமெயில் அனுப்பக் கூடாது என்பதை எல்லாக் கட்சியும் ஒரே குரலில் ஆதரித்தன. 'உள்ளதை உள்ளபடியே' என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எவ்வளவு கம்பீரமான வாசகம் என்று வீட்டில் வேறு சொல்லிக் காட்டினேன்.

இரண்டாவது, போக்குவரத்து. நாலு தெருவையும் ஒருவழிப் பாதை ஆக்குவது. ஆற்றுப் பக்கமிருந்து பிரதான சாலைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸெல்லாம் இனிமேல் ஊரை முழுக்கச் சுற்றி, மேலத்தெரு வழியாகப் போக வேண்டும். மேலத்தெருவில் யாருக்கும் எந்த வேலையும் கிடையாது. அங்கே இருந்ததெல்லாம் தலைவரின் மைத்துனர் புதிதாகத் திறந்த லாலா கடை. அல்வா, மிக்சர், காராசேவு. திருநெல்வேலி மேலாபீஸிலிருந்து அனுமதி வருவதற்கு முன்பே ஒத்திகை என்று தடுப்புக்கட்டையும் போட்டுவிட்டார்கள்.

அனுமதி கேட்டு மேலாபீஸுக்கு ஈமெயில் அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். கோப்பு ஈஓ மேஜையிலிருந்து வந்தபோது பத்து தாண்டிவிட்டது. உட்கார்ந்தேன், அடித்தேன். தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவனுக்கு ஒரு வியாதி உண்டு. கண் பார்த்ததை விரல் அடித்துக்கொண்டே போகும். நடுவில் மூளை என்று ஒன்று இருப்பது இரண்டுக்கும் ஞாபகம் இருக்காது. மோடம், கழுத்தை நெரித்த கோழி மாதிரிக் கத்தியது. ஈமெயில் போனது. ராகு வருவதற்குள் முடித்த பெருமையில் ஒரு காபி குடித்தேன்.

பிறகு, தபாலில் போட வேண்டிய நகலுக்காகக் கோப்பைத் திறந்தேன். ஓரத்தில் ஈஓவின் பென்சில். வழக்கம்போல ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தேன். 'மைத்துனர் கடை வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்பதைத் தவிர' வரை அழித்தாயிற்று. மிச்சம் இருந்தது இது: 'இந்தத் திட்டத்துக்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. தலைவரிடம் பேசிப் பயனில்லை. மேலிடமே நிராகரித்துவிட்டால் நல்லது. நாம் சொன்னதாக இருக்க வேண்டாம்.'

இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது.

எங்கேயோ இல்லை. திரையில். ஈஓ கையெழுத்துக்குக் கீழே, உள்ளதை உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல்.

போன் பண்ணலாமா? 'அந்த ஈமெயிலைப் படிக்காதீர்கள்' என்று சொன்னால், அந்த ஆபீஸில் சமையல்காரர் இருந்தால் அவர்கூடப் படிப்பார். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். மேலாபீஸிலும் ஈமெயிலுக்கு விதி உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, கண்காணிப்பாளர் முன்னிலையில்தான் திறப்பார்கள். அதற்குள் போய்க் காலில் விழுந்தாவது அழித்துவிடலாம். ஈஓ முன்னால் போய் நின்றேன்.

"சார், பல்வலி. அரை நாள் லீவு வேணும்."

ஈஓ நிமிர்ந்து பார்த்தார். "பல்வலிக்கு ஏம்வே வயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கீரு?"

"வேர் அங்கன வரைக்கும் போயிருக்கு சார்."

"போம், போம். பையப் போம்."

பஸ் ஏறினேன். நேராகப் போனால் பிரதான சாலை கூப்பிடு தூரம். ஆனால் ஒத்திகை நடக்கிறதே! பஸ் கீழத்தெரு போனது, தெற்குத் தெரு போனது. (என் வருங்கால மாமனார் எருமைகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.) மேலத்தெருவில் லாலா கடை முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே, வெள்ளைச் சட்டை வேட்டியில், கையில் அல்வாப் பெட்டியோடு ஏறினார் தலைவர். என் பக்கத்து இடம் காலி. உலகத்தில் வேறு எந்த இடமும் காலி இல்லை.

"ஏல, கம்ப்யூட்டரு! ஈமெயிலு போயிட்டா?"

"போயிட்டு அண்ணாச்சி."

"அங்கன எப்பம் போய்ச் சேரும்?"

"அனுப்பின உடனே போயிரும் அண்ணாச்சி. கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள."

தலைவர் அல்வாப் பெட்டியை மடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்ன நீ எதுக்குலே பஸ்ல போற?"

நான் சொன்னது இது: "சரியாப் போய்ச் சேந்துட்டான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்னுதான் அண்ணாச்சி."

தலைவர் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். பொண்ணக் கெட்டிக் குடுத்தாலே கூட ரெண்டு பேரு போயி விட்டுட்டு வாரோம். தீர்மானத்த ஒத்தையில அனுப்பலாமா? நானும் வாரேன் கூட. ஈமெயிலு வந்து எறங்குதத நான் பாத்ததே இல்ல, கேட்டியா."

சேரன்மகாதேவி வந்தது, முக்கூடல் பக்கம் போகிற ரோடு பிரிந்தது, எதுவும் என் கண்ணில் படவில்லை. தலைவர் வழி முழுக்க எனக்கு அல்வா ஊட்டிக்கொண்டே வந்தார். பல்வலி என்று லீவு எடுத்தவனுக்கு.

மேலாபீஸில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு உள்ளே போனோம். குளிர்சாதனம் ஓடியும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கண்காணிப்பாளர் வடக்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ரொம்ப மரியாதைக்காரர். மணி நாலு ஆனதும் கைகூப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், நானே தொறந்து காட்டட்டுமா?" என்று கையை நீட்டினேன். சத்தியமாக, தெரியாமல் பட்டதுபோல அழித்துவிடுகிற எண்ணம்தான்.

"தொடாதப்பா! வெளி ஆளு தொடக் கூடாதுன்னு சுற்றறிக்கையே இருக்கு."

மோடம் கத்தியது. தலைவர், குழந்தை பிறக்கிற அறைக்கு வெளியே நிற்கிற அப்பன் மாதிரி நின்றார். ஈமெயில் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னய்யா இது?" என்றது தலைவர் குரல். "இங்கிலீசா?"

கண்ணைத் திறந்தேன். திரை முழுக்க டாலர் குறி, நட்சத்திரம், தலைகீழ்க் கேள்விக்குறி, மீசை வைத்த ஆங்கில எழுத்து. எங்கள் ஃப்ளாப்பியில் இருந்த தமிழ் எழுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை! ஒரு அட்சரம் யாராலும் படிக்க முடியாது. அந்த நொடியில் கம்ப்யூட்டருக்கு ஒரு தேங்காய் உடைத்திருப்பேன்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. 'தபாலில் நகல் வருகிறது சார்' என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியிருக்கலாம். ஆனால் தலைவர் என் முதுகில் ஒரு அடி போட்டார். "நீதானல அடிச்ச? சார்வாளுக்கு வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். டாலரையும் நட்சத்திரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, வரைவு முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்து, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தேன்.

"இன்னும் கீழ அவ்வளவு கெடக்கேல?" என்றார் தலைவர்.

கிடந்தது. ஈஓவின் பென்சில். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ரோட்டில் ஒரு எருமை, ஆற்றைப் பார்த்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஆண்டவன் அந்த இடத்தில் ஒரு சைக்கிளையாவது காட்டியிருக்கலாம்.

"மேலும்... மேற்படி ஒருவழிப் பாதை விதியானது... எருமை மாடுகளுக்கும் பொருந்தும்."

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார்.

"பிரமாதம்! கால்நடைகளைப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல. இதை நான் விசேஷமாக் குறிப்பிட்டு அனுமதிக்கு வைக்கிறேன்." மையால்தான் எழுதினார்.

தலைவர் என் காதில், "நம்ம எருமையப் பத்திப் பேசினமாலே?" என்றார்.

"பொதுவாப் பேசினோம் அண்ணாச்சி."

தலைவர் உடனே நிமிர்ந்தார். "எல்லாம் நம்ம யோசனைதான் சார்."

தபாலில் போன நகலில் எருமை வரியையும் நானே சேர்த்து அடித்துவிட்டேன். சில நாளில், எருமையும் சேர்த்து, அனுமதி உத்தரவு வந்தது. ஈஓ என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "எருமை எங்கேருந்துவே வந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பு ஆகி, மறுபடி மனுஷ நிறத்துக்கு வர வெகு நேரம் பிடித்தது. மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்தார், இரண்டாக ஒடித்தார்.

"இனிமே நான் எதையும் பென்சில்லகூட நெனைக்கப் போறதில்ல."

"சார், என் வேலை..."

"உம்ம வீட்டுக்கு அனுப்பணும்னா காரணம் எழுதணும்லாவே. காரணத்த மையில எழுதணும். எழுதவா?"

அப்படித்தான் நான் நிரந்தரம் ஆனேன்.

உத்தரவை ஊரில் யாரும் மதிக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. என் வருங்கால மாமனார். "மாப்ள ஆபீஸ்ல போட்ட சட்டம், நம்மளே மீறினா மரியாதையா?" என்று சொல்லி, தெரு முனை திரும்பினால் ஆறு என்கிற வீட்டிலிருந்து, தினமும் எருமைகளை நாலு தெருவும் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். மேலத்தெரு வரும்போது எருமைகளுக்கு வெயில் ஏறிவிடும். லாலா கடை வாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். அதில் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். பின்னால் பஸ், அதற்குப் பின்னால் நெல்லு லாரி, அதற்குப் பின்னால் ஊர். யாராவது அதட்டினால் மாமனார், "உத்தரவு இருக்குவே" என்பார். அல்வா வாசனை போன இடம் தெரியவில்லை. தெருவுக்கு வேறு வாசனை வந்துவிட்டது. மைத்துனரே தலைவர் வீட்டுக்குப் போய்க் கத்தினாராம். அடுத்த கூட்டத்தில் ஒருவழிப் பாதை ரத்து. எல்லாக் கட்சியும் ஒரே குரல்.

தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஈஓ என்னைப் பார்த்தார். "நான் பென்சில்ல எழுதினத எருமை சாணியில எழுதிட்டுவே. அத அழிக்க ரப்பர் கெடையாது."

கல்யாணம் நடந்தது. முதல் மறுவீட்டுக்குப் போனபோது மாமனார் வாசலிலேயே நிறுத்தி, "மாப்ள நேரா வந்தியளா, சுத்தி வந்தியளா?" என்று கேட்டார். இன்னும் கேட்கிறார். ஆனால் அவர் பரவாயில்லை. வீட்டில் நான் செல்போனை எடுத்து யாருக்காவது ஒரு செய்தி அனுப்பினால் போதும். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்ப்பாள்.

"அனுப்பியாச்சா? அப்பம் செருப்ப மாட்டுங்க. பஸ்ஸு போயிரப் போவுது."