திங்கட்கிழமைத் தப்பு

அன்பும் மரியாதையும் கொண்ட அக்காவுக்கு, தையல்காரத் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சுகம். தையல் மெஷின் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. அத்தானின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மகளுக்கு வகுத்தல் வரவில்லை, உன் ஊர்ப் பள்ளியில் சேர்த்து உன்னோடேயே வைத்துக்கொள் என்று போன மாதம் அழாத குறையாக எழுதினேனே, நீயும் யார் யார் காலையோ பிடித்து ஓர் இடம் வாங்கிவைத்தாயே, அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. திட்டாதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இங்கே புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். திங்களும் வெள்ளியும் ஐந்தே கேள்வி உள்ள துண்டுத்தாள் கொடுப்பார், மார்க் கிடையாது. அப்புறம் என் மகளுக்கு ஒரு கணக்கு, பக்கத்தில் இருப்பவளுக்கு வேறு கணக்காம். என் பிள்ளை என்ன இளப்பமா என்று கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் சண்டைக்குப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து ஒரு பெரிய நோட்டைத் திறந்தார். முப்பத்தொரு பிள்ளைகளின் பெயர். எதிரே, எத்தனை தப்பு என்று இல்லை, என்ன மாதிரித் தப்பு என்று எழுதியிருக்கிறது. ஒருத்திக்குக் கடன் வாங்கிக் கழிப்பது உதைக்கிறது, ஒருவனுக்குக் கேள்வியைப் படிக்கவே பொறுமையில்லை. அதைப் பார்த்துத்தான் மறுநாள் யாருக்கு எந்தப் பாடம் என்று பிரிக்கிறார். அடடா, இது என் அளவு நோட்டு போலல்லவா இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் நான் சட்டை தைத்தால் விடுவார்களா? ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வராது என்று ஒதுக்கினார்களே அக்கா, எது வராது என்று ஒருவராவது பார்த்தார்களா?

மகளுக்கு வகுத்தல் வருகிறதாம். விடையின் நடுவே பூஜ்யம் வந்தால் மட்டும் அதை விழுங்கிவிடுகிறாளாம். அதுவும் வெள்ளிக்கிழமை சரியாகப் போடுகிறாள், திங்கட்கிழமை தப்பு. "சனி ஞாயிறுல வீட்ல யாராவது கணக்கு சொல்லித் தராங்களா?" என்று கேட்டார். விடுவேனா? நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி, 612 பித்தானை ஆறு டப்பாவில் சமமாகப் போட்டால் டப்பாவுக்குப் பன்னிரண்டு என்று நான் சொல்லித்தரும் முறையை எழுதியே காட்டினேன். டீச்சர் அதையே வெகுநேரம் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, "ரெண்டு வாரம் நீங்க ஓய்வெடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். என் உழைப்பை மதித்து எனக்கு லீவு கொடுத்த முதல் மனுஷி. இரண்டு வாரமாகத் திங்கட்கிழமையும் ஒரு தப்பு இல்லை. பாதி டீச்சரின் கெட்டிக்காரத்தனம், பாதி நான் போட்ட அஸ்திவாரம். ஆகவே அவள் எங்களோடேயே இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா, பன்னிரண்டு இல்ல, நூத்தி ரெண்டு" என்றாள். பித்தான்களைத் தரையில் கொட்டி எண்ணினோம். நூற்றிரண்டுதான். தெரிந்திருந்தும் ஏனடி திங்கட்கிழமை தப்பாக எழுதினாய் என்றேன். "நீங்க சொல்லித் தந்ததாச்சே, எப்படி மாத்தறது?" என்கிறாள். இந்தப் பிள்ளையையா அக்கா ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தேன்? அஸ்திவாரம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. டீச்சரின் நோட்டில் முப்பத்திரண்டாவது வரியில் என் பெயர் இருக்கிறதாம், எதிரே பூஜ்யம் என்று எழுதியிருக்கிறதாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தே கேள்விதானாம். கடையை அடைத்துவிட்டுப் போகிறேன்.