இருபத்தேழாம் ஆணிக்கு ஒரு தலை

நீடர்வீஸ் வேட்டைச் சங்கத்தின் கூடத்தில், கிழக்குச் சுவரில் நாற்பத்திரண்டு ஆணிகள் உண்டு. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தலை. ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் அதைச் சுட்டவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. நாற்பத்து மூன்றாவது ஆணி அடிக்கச் சங்க விதிகளில் இடமில்லை. ஆகையால் ஓர் உறுப்பினர் தன் தலையை, அதாவது தான் சுட்ட தலையை, புதிதாக மாட்ட வேண்டுமானால் பழைய உறுப்பினர் யாராவது காலமாக வேண்டும். எங்கள் பவேரியக் காற்று நல்ல காற்று. யாரும் எளிதில் காலமாவதில்லை.

நான் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் இறந்தார். இருபத்தேழாம் ஆணி காலியானது. அவருடைய அடக்கத்தில் என்னைவிட அதிகமாக அழுதவர் கிடையாது. மகிழ்ச்சியை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் பதினான்காம் விதி என்று ஒன்று இருக்கிறது. ஆணி கிடைத்தவர், வேட்டைக்காரர்களின் புனிதரான ஹூபர்ட்டுஸின் அடுத்த திருநாளான நவம்பர் மூன்றுக்குள் ஒரு தலையை மாட்டியாக வேண்டும். தவறினால் ஆணி அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர், கூரை வேய்கிற விம்மர். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன லோய்பிள், ஆணி துருப்பிடிக்குதாமே?" என்று விசாரிப்பார்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய பார்வையைச் சரிசெய்தவன் நான்தான். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அந்தத் திறமை உதவியதில்லை. எங்கள் காட்டு மான்கள் என்னைக் கண்டால் ஓடுவதில்லை. ஓட முடிந்திருந்தால் மரங்கள் ஓடியிருக்கும்.

எனவே மே மாதம் நமீபியாவுக்குப் போனேன். ஆறாம் நாள் ஒரு கூடூ மானைச் சுட்டேன். கூடூ என்றால் திருகுக் கொம்புள்ள பெரிய மான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் குறி வைத்தது அதற்கு இடப்பக்கம் நின்ற மானை. வழிகாட்டி என் கையைக் குலுக்கி, "அருமையான தேர்வு" என்றார்.

ஆகஸ்டில் பெட்டி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டி வந்தது, தலை வரவில்லை. தலை வருவது என்பது வேறு, அதற்கு அனுமதி வேண்டும் என்று வனவிலங்குப் பொருள் வருகைப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. நேரில் போனேன். அதிகாரி திருமதி டோர்ஃப்லர் கெட்டவர் அல்ல. எனக்குக் காப்பி கொடுத்தார். காப்பி பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்.

"ஐயா, ஏற்றுமதிச் சான்றுல 'தலை, ஒன்று'ன்னு இருக்கு. பெட்டிப் பட்டியல்ல மண்டை ஓடு ஒன்று, கொம்பு ரெண்டு, தோல் ஒன்று. ஒன்று எப்படி நாலாச்சு?"

"கழட்டி அனுப்பியிருக்காங்க அம்மா."

"சரி. மீதி மான் எங்கே?"

"சாப்பிட்டுட்டோம்."

"யார் யார்?"

"பண்ணையில இருந்தவங்க எல்லாரும்."

"பேர்ப் பட்டியல் இருக்கா?"

பட்டியலை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாய்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அவருடைய விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"இடது கொம்புக்கு நேரா, பாலினம்: ஆண். வலது கொம்புக்கு நேரா ஒண்ணும் எழுதலையே."

"ரெண்டும் ஒரே தலையில இருந்தது அம்மா."

"இருந்தது. இப்ப தனித்தனியா இருக்கு."

"கூடூல ஆணுக்கு மட்டும்தான் கொம்பே முளைக்கும்."

"அது உங்க கருத்து. குறிச்சுக்கறேன்."

"இடது கொம்பு ஆண்னா, வலது கொம்பு மட்டும் பெண்ணாவா இருக்கும்?"

"இருக்கும்னு நான் சொல்லலையே. இருக்காதுன்னு ஒரு கடிதம் வேணும்னுதான் சொல்றேன். ஊகத்தை வெச்சு முத்திரை குத்த முடியாது ஐயா."

நமீபியாவுக்கு எழுதினேன். ஐந்து வாரம் கழித்து, "மேற்படி மிருகம் ஆண்தான்" என்று பதில் வந்தது. அதில் வலது கொம்பு குறிப்பிடப்படவில்லை என்பதால் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் முடிய நான்கு நாள் இருந்தது. விம்மர் சங்கக் கூடத்துக்கு வந்து இருபத்தேழாம் ஆணியைச் சுற்றி அளவெடுத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் உருளைக்கிழங்கு உருண்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கெர்லிண்டே பொறுமையிழந்தாள்.

"ஓட்மார், ஒரு பொம்மைத் தலையை வாங்கி மாட்டிடேன். நிஜம் வந்ததும் மாத்திக்கலாம்."

"அது மோசடி இல்லையா?"

"நீ மான் சுட்டதா ஊரே நம்புது. அதைவிடவா?"

பாஸாவு நகரில் கோர்பினியன் என்று ஒருவர், நாடகக் கொட்டகைகளுக்குப் பூதங்களும் டிராகன்களும் செய்து தருபவர். நமீபியாவில் எடுத்த புகைப்படத்தை அவரிடம் நீட்டினேன்.

"கொம்பு என்ன நீளம்?" என்றார்.

"படத்துல இருக்கிறபடியே."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவர் கடையில் ஒரு நல்ல அமைதி நிலவியது. ஒரு மனிதன் தன்னைத் தானே தெரிந்துகொள்ள ஏற்ற அமைதி.

"ஒரு பத்து சென்டிமீட்டர் கூட்டலாமா?" என்றேன்.

"உங்க மான். உங்க இஷ்டம்."

"கண்ணுல கொஞ்சம் கோபம் இருந்தா நல்லாருக்கும்."

"யார் மேல?"

"என் மேலதான். பாயப்போற மாதிரி."

நிஜ மான் அந்த நேரத்தில் இலை தின்றுகொண்டிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஹூபர்ட்டுஸ் திருநாளன்று தலை ஆணியில் ஏறியது. கொம்பூதிகள் ஊதினார்கள். வேட்டைக்காரர் வழக்கப்படி இடது கையில் கோப்பை பிடித்து எல்லோரும் குடித்தோம். இறைச்சிக் கடைக்காரரும் சங்கத் தலைவருமான பிராண்டல், நாற்பது வருடங்களுக்கு முன் கனடாவில் கரடி சுட்டவர், கீழே நின்று நெடுநேரம் பார்த்தார்.

"லோய்பிள், இந்தக் கண்ணைப் பாருய்யா! நிஜ மிருகத்துக்குத்தான் இந்தப் பார்வை வரும்" என்றார்.

நான் வேட்டைக் கதையைச் சொன்னேன். அதிலும் பத்து சென்டிமீட்டர் கூட்டினேன். உணர்ச்சிவசப்பட்டு, வேட்டைக்காரர் பாஷைப்படி அடிபட்ட மிருகத்தின் 'வியர்வை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரத்தம்' என்று சொல்லிவிட்டேன். அந்தக் குற்றத்துக்காக எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது: நான், மான், சற்றுத் தள்ளி விம்மரின் முகத்தில் பாதி.

பத்திரிகையைப் பதிவகத்திலும் படிக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் வெள்ளைத் தொத்திறைச்சியும் கடுகு விழுதுமாக உட்கார்ந்திருந்தபோது திருமதி டோர்ஃப்லர் கூடத்துக்குள் வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் என் கோப்பு.

"ஐயா, உங்க மான் தலை எங்க கிடங்குல இருக்கு. உங்க மான் தலை இந்தச் சுவர்லயும் இருக்கு. ரெண்டுல ஒண்ணு அனுமதி இல்லாம வந்திருக்கணும். எது?"

கள்ளத்தனமாகத் தலை கொண்டுவந்தவனுக்கு வேட்டை உரிமமும் போகும், துப்பாக்கியும் போகும், கிடங்கிலிருக்கும் மானும் போகும். உண்மையைச் சொன்னாலோ, ஆணி போகும். மானம் அதற்கு முன்பே போய்விடும்.

அவர் அருகில் சென்று காதில் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க ஐயா. வாக்குமூலம்னா சாட்சிகளுக்குக் கேக்கணும்."

"இது பிளாஸ்டிக்" என்றேன்.

பிராண்டலின் மீசையில் கடுகு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. விம்மர்தான் முதலில் எழுந்தார்.

"பிளாஸ்டிக்கா! கண்ணைப் பாரு, கண்ணைப் பாருன்னு சொன்னீங்களே தலைவரே, நல்லாப் பாத்துக்குங்க! ஆணி எனக்குத்தான்!"

திருமதி டோர்ஃப்லர் நாற்காலி போட்டு ஏறி, பென்சிலால் மானின் மூக்கைத் தட்டினார். டொக் டொக் என்றது. பிறகு பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். 'ஒருபோதும் உயிர் வாழ்ந்திராத பொருள் குறித்த உறுதிமொழி.' பெயர், முகவரி, கையெழுத்து. பாலினக் கட்டமே இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முத்திரை குத்திவிட்டு இறங்கியவர், சுவரை முதன்முறையாக முழுவதுமாகப் பார்த்தார்.

"மத்த நாற்பத்தொண்ணுக்கும் தாள் இருக்கா?"

"இவன் ஒருத்தன் பண்ணதுக்கு எங்களை எதுக்கம்மா..." என்று பிராண்டல் ஆரம்பித்தார்.

"ஒரு தலையைச் சோதிச்சுட்டு மத்ததை விட்டா அது பாரபட்சம் ஐயா. உங்க கரடிலேர்ந்து ஆரம்பிக்கலாமா? சுட்ட நாட்டுச் சான்று, மிருக வைத்தியர் சான்று, மீதிக் கரடியைச் சாப்பிட்டவங்க பட்டியல்."

பிராண்டல் தன் கரடியைப் பார்த்தார். கரடியும் அவரைப் பார்த்தது. அவரைத் துரத்திக்கொண்டு நாலு மைல் ஓடிவந்த கரடி என்று நாங்கள் நாற்பது வருடமாகக் கேட்ட கரடி.

"அம்மா," என்றார் மெதுவாக, "அந்த ஒரு பக்கத் தாள் இன்னும் இருக்கா?"

"எத்தனை வேணும்?"

"என் கரடியும் பிளாஸ்டிக்தான்."

அடுத்த கணம் நாற்காலிகள் நகர்ந்தன. கூடத்தில் வரிசை நின்றது. வைத்தியர் தன் காட்டெருமை பிளாஸ்டிக் என்றார். பாதிரியார் தன் கலைமான் பிளாஸ்டிக் என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். திருமதி டோர்ஃப்லர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. உறுதிமொழி வந்த பிறகு சரிபார்ப்பது விண்ணப்பதாரரை அவமதிப்பதாகும் என்று விளக்கினார். மதியத்துக்குள் நாற்பத்திரண்டு தாள்கள் முத்திரை பெற்றன.

"அப்ப என் ஆணி?" என்றார் விம்மர்.

பிராண்டல் மீசையைத் துடைத்தார். "யாரோட தலையும் நிஜமில்லைன்னா யாரோட ஆணியும் போகாது. உட்காருய்யா."

வசந்தத்தில் மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறுபது ஆண்டுகளாக ஓர் உயிரையும் கொல்லாமல் வேட்டைக் கலையை வளர்த்துவரும் ஒரே சங்கம் என்று ஆவணங்களிலிருந்து தெரியவருவதால், எங்களுக்கு இயற்கைப் பாதுகாப்புக் கேடயம். பிராண்டல் அதை எழுந்து நின்று வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அந்த வருடம் கோர்பினியனின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. விதிகள் திருத்தப்பட்டு, நாற்பத்து மூன்றாம் ஆணி அடிக்கப்பட்டு, விம்மர் ஒரு காண்டாமிருகத்தையே மாட்டினார்.

அக்டோபரில் என் நிஜத் தலை விடுதலையானது. பதினான்கு மாதம். வலது கொம்பும் ஆண்தான் என்று நமீபியா எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருந்தது. பாடம் செய்து, எல்லாச் சான்றுகளோடும் சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இதை வெளிய கொண்டு போய்யா!" என்று பிராண்டல் கதவை மூடினார். "இது உயிரோட இருந்த தலை. இது இங்க தொங்கினா, அந்தம்மா மத்ததையும் தட்டிப் பாப்பாங்க. கேடயம் போயிடும்."

வாக்கெடுப்பு நடந்தது. நாற்பத்திரண்டு பேர் எதிர்த்தார்கள். நான் வாக்களிக்கவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால்.

கெர்லிண்டே அதை வீட்டுக்குள் விடவில்லை. கடையின் காட்சி ஜன்னலில் வைத்து, ஒரு வாசிப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "மூக்கு சரியா வரல. சங்கத்துல இருக்கறதுதான் தத்ரூபம்" என்கிறார்கள்.

சென்ற வாரம் திருமதி டோர்ஃப்லர் கண்ணாடி மாற்ற வந்தார். பதினான்கு மாதம் அவருடைய கிடங்கில் இருந்த தலை. அவர் பார்த்ததென்னவோ தாள்களை மட்டும்தான். அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"நல்லாப் பண்ணியிருக்காங்க. இதுக்கு உறுதிமொழி கொடுத்தீங்களா ஐயா?"

சான்றுகள் அத்தனையும் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், சங்கத்தில் தொங்கும் நகலைவிட நிஜக் கொம்பு ஏன் பத்து சென்டிமீட்டர் குறைவு என்று கேட்பார். கேட்பதற்கு அவரிடம் நிச்சயம் ஒரு படிவம் இருக்கும்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

அவர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் சுட்ட ஒரே மிருகமும் அன்று முதல் பிறக்கவே இல்லை.