குருவிப்பாறைக் கதவு

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்னும் பாடம் இரண்டு வருடமாகச் சீரும் சிறப்புமாக நடந்துவந்தது. கம்ப்யூட்டர் மட்டும்தான் இல்லை.

அந்தக் குறை தெரியாமல் பாடம் நடத்தியவர் சுதாகர் சார். அவர் உடற்கல்வி ஆசிரியர். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கடிகாரத்தைக் கையில் கட்டியிருந்ததால், மேலிடம் இந்தப் பாடத்தையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டது. அவர் கரும்பலகையில் கீபோர்டு வரைவார். பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்துகொண்டு விரலால் தட்டித் தட்டிப் பழகுவார்கள். என்ன அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாததால் யாருக்கும் தப்பு வந்ததில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

இதில் சூட்டிகையானவள் பத்தாம் வகுப்பு சுசித்ரா. காட்டில் குச்சிக்கிழங்கு பயிரிடும் பொன்னனின் மகள். நோட்டுக் கீபோர்டில் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள். மலைக்குக் கீழே ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே சேர இந்தப் பாடத்தின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழை ஆன்லைன் பரீட்சை எழுதித்தான் வாங்க முடியும்.

அந்த வருடம் பன்னிரண்டு லேப்டாப் வந்து இறங்கின. பள்ளிக்கூடத்தில்தான் சிக்னல் இல்லை. ஊரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காடுமேடெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு மைல் தள்ளிக் குருவிப்பாறையின் மேல் கண்டுபிடித்தோம். நாலு கோடு! மொட்டைப் பாறை, சுற்றிலும் காற்றும் மிளகுக் கொடியும்தான். தலைமை ஆசிரியர் அர்த்தனாரி, அந்தப் பாறையையே கம்ப்யூட்டர் லேபாக அறிவிக்கும்படி மேலிடத்துக்குப் பணிவன்புடன் எழுதினார்.

எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து, கையில் பாதி முகர்ந்த எலுமிச்சம்பழத்தோடு, டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர் அம்சவேணி மேடம் வந்து சேர்ந்தார். பாறை மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு படிவத்தைப் பிரித்தார். மொத்தம் நாற்பத்தாறு கேள்விகள்.

"ஆய்வகத்துக்குக் கதவு உண்டா?"

"இது பாறைங்க மேடம்" என்றார் அர்த்தனாரி.

"அது எனக்கும் தெரியுது சார். உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. பாறைன்னு எழுத இடம் இல்லை. பூட்டோட கதவு இல்லாத இடத்தை ஆய்வகமா ஏத்துக்க முடியாது."

"அப்படீன்னா சுவருங்க?"

அம்சவேணி மேடம் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "சுவரைப் பத்திக் கேள்வியே இல்லை."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். என் பெயர் செல்வம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். "எங்க ஊட்டுக் கதவத் தர்றேனுங்க" என்றேன். மூன்று தலைமுறை கண்ட பலாமரக் கதவு. கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் புத்தி மாறிவிடும்.

மறுநாளே பாறை நடுவில் நிலையோடு கதவை நட்டோம். முன்னால் வெட்டவெளி, பின்னால் வெட்டவெளி, நடுவில் கதவு. அதில் பூட்டுப் போட்டு, விதிப்படி சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு மேடம் மலையிறங்கினார்.

என் வீட்டு வாசலில் மூங்கில் கழியைக் குறுக்கே வைத்தேன். எங்கள் ஊரில் அதுவே போதும். கழி குறுக்கே இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகூட உள்ளே எட்டிப் பார்க்காது. அடைத்த வாசலைத் தாண்டுவது எங்களுக்குத் திருட்டைவிடக் கேவலம். நாய்களுக்கு மட்டும் இந்த வழக்கம் தெரியாது. அதற்காக என் மனைவி ராமாயி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை. லேப்டாப்களை முதல் நாளே மேடம் முன்னிலையில் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். பன்னிரண்டு பிள்ளைகளும் இந்தப் பக்கம் வரிசையில் நின்றார்கள். மணி பத்தாயிற்று. சாவி வரவில்லை. அர்த்தனாரி போன் போட்டார்.

"கீழ பேளுக்குறிச்சிச் சந்தையில இருக்கேன் சார். மல்லியும் சீரகமும் வாங்கிட்டிருக்கேன். இதோ கிளம்பிட்டேன்."

நாங்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்தேகால். சுதாகர் சார் பிள்ளைகளை நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார்; உடம்பு சூடாக இருந்தால் விரல் நன்றாக ஓடுமாம்.

"ஏனுங்க மாமா" என்று சுசித்ரா என் பக்கம் திரும்பினாள். "சுத்திப் போனா என்னுங்க?"

ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"அடைச்ச கதவ வெச்சுக்கிட்டுச் சுத்திப் போறதா? என்ன பேச்சு கண்ணு இது?" என்றேன். பொன்னன் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்தரைக்கு அவள் கதவை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் இடது பக்கமாக நாலடி எடுத்து வைத்து, தார்ப்பாயை விலக்கி உட்கார்ந்து, பரீட்சை எழுத ஆரம்பித்துவிட்டாள். மற்ற பதினொரு பேரும் நல்ல வளர்ப்பு, அசையவில்லை.

மேடம் பன்னிரண்டு மணிக்கு மசாலா வாசனையோடு வந்தார். முறைப்படி பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தார். நாங்களும் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்தோம். உள்ளே சுசித்ரா ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்படி உள்ளே வந்தே?"

"சுத்தி வந்தனுங்க மேடம்."

"சுத்தி எப்படி வர முடியும்? பூட்டியிருந்துச்சே!"

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. கதவின் முன் ஒழுங்காகக் காத்திருந்த பதினொரு மாணவர்களும் 'டிஜிட்டல் ஒழுக்கத்தில்' தேர்ச்சி, ஆளுக்கொரு சான்றிதழ். சுசித்ராவின் மதிப்பெண், ஆய்வகத்துக்குள் ஊடுருவிய காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. துணைத்தேர்வு எழுதலாம், அதுவே கடைசி வாய்ப்பு. இனி எவரும் ஊடுருவாதபடி, மேடத்தின் போனுக்கு வரும் அனுமதி எண்ணைப் போட்டால்தான் பரீட்சையே திறக்கும்.

ஊர் கூடி ஆலோசித்தோம். குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சுவர் இல்லாததுதான் குற்றம். நாலு பக்கமும் சுவர் வேண்டும், மேலே கான்கிரீட் வேண்டும் என்று மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. பொன்னனும் போட்டான். எங்கள் மலையில் ரோடு போடக் கேட்டு எத்தனை வருடம் காத்திருந்தோமோ தெரியாது, இந்தச் சுவர் மட்டும் பாறை உச்சி முழுவதையும் அடைத்துக்கொண்டு நாலே மாதத்தில் எழுந்து நின்றது.

துணைத்தேர்வுக்கும் அதே பத்து மணி, பதினொன்றரை மணிதான். அன்று மேடம் ஒன்பதரைக்கே வந்து கதவைத் திறந்தார். சுசித்ரா வாசல் வழியாகவே, அடக்க ஒடுக்கமாக உள்ளே போனாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

சிக்னல் இல்லை.

முக்கால் அடிக் கான்கிரீட்டுக்குள் எப்படி வரும்? மேடம் போனைச் சுவர் மூலைக்கெல்லாம் கொண்டு போய்க் காட்டினார். அனுமதி எண்ணும் வரவில்லை. சுசித்ரா லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மிளகு பறிக்கிற ஏணியைச் சாத்தி விறுவிறுவென்று கூரை மேல் ஏறினாள்.

"மேடம், இங்க நாலு கோடும் வருதுங்க! போனத் தூக்கிப் போடுங்க, புடிச்சுக்கிறேன்! நம்பரு வந்துருமுங்க!"

கீழே ஒரே ஆரவாரம். சுதாகர் சார் விசில் அடித்தார். மேடம் போனைத் தூக்கிப் போடக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. மறுகையால் படிவத்தை எடுத்தார்.

"அந்த மாடிக்குக் கதவு உண்டா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என் வீட்டில் சமையல்கட்டுக் கதவு இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு மைல் ஓடினேன். சோறு வடித்துக்கொண்டிருந்த ராமாயி கரண்டியோடு துரத்தத் துரத்தக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஒரு மைல் திரும்பி வந்தேன்.

மணி பதினொன்றே முக்கால். பரீட்சை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

என்னைக் கண்டதும் ஊரே கைதட்டியது. மேடம் "உண்டு" என்ற கட்டத்தில் டிக் போட்டார். பொன்னனும் தட்டினான். கூரை மேல் சுசித்ரா, மூடிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை.

"மாமா" என்றாள் மேலிருந்து. "உங்க ஊட்டுல ஜன்னல் இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்குது கண்ணு" என்றேன், பெருமையாக.