எப்பெயரில் இருந்தாலும்

வடசுனை நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. ஆணை பொய்த்த ஆண்டு கிடையாது. அவ்வாண்டின் முதல் ஆணை 'சிட்டு' மீது பாய்ந்தது. சிட்டு ஒரு பழைய வீட்டுக் கணினி. அதைச் செய்த நிறுவனம் மூடி ஒன்பது வருடமாகியும் முந்நூறு வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வீடு வேதவல்லியுடையது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அவள் கணவர் துரைக்கண்ணு சிட்டில் தட்டித்தான் பேசுவார். வேறு விசைப்பலகை எதுவும் அவருடைய இடது கைக்குப் படியவில்லை.

"சிட்டு காலாவதி. உதிரிபாகம் விற்கத் தடை" என்றார் நவீனத்துறை அமைச்சர்.

சிட்டு பயனர் சங்கத்தார், செத்த சிட்டிலிருந்து பாகங்களைக் கழற்றி ஓடுகிற சிட்டில் மாட்டினார்கள். சிட்டு வைத்திருப்பதே குற்றம் என்றது இரண்டாம் ஆணை. பெயரைச் சுரண்டிவிட்டு 'மைனா' என்று ஒட்டினார்கள்.

அமைச்சர் கொதித்தார். "எந்தப் பெயரிலும் தப்பக் கூடாது!"

"ஆணையில் கணினி என்ற சொல்லையே எடுத்துவிடலாமா ஐயா? விட்டால் தையல் மெஷின் என்பார்கள்" என்றார் துறைச் செயலர்.

"எடுங்கள். சட்டம் அகலமாக இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பறிமுதல் என்று மூன்றாம் ஆணை அரசிதழில் வந்தது. முந்தின நாள் சங்கம் வேதவல்லி வீட்டில் கூடியது. பழைய கணினிப் பத்திரிகையில் வரும் நிரலை ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, இன்னொருவர் தட்டிச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். அச்சில் வந்த எதையும் அப்படித்தான் படிப்பார்கள். சங்கத் தலைவர் அல்லிமுத்து ஆணையை வாசித்தார், துரைக்கண்ணு தட்டினார்.

"பத்து ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதும், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் தருவதுமான எதுவும், எப்பெயரில் இருந்தாலும், அகற்றப்படும்."

துரைக்கண்ணுவின் விரல் நின்றது. பிறகு திரையில் எழுத்து வந்தது: "அமைச்சர் உக்காந்து எத்தனை வருஷம் அண்ணே?"

"பதினாலு."

"அடப்பாவி, இவருக்கு உதவித்தொகை கேட்டு அந்த அமைச்சருக்கு நான் போட்ட மனுவுக்கு ஆறு வருஷமா பதிலில்லையே!" என்றாள் வேதவல்லி. சிரிப்பு தெருவரை கேட்டது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வேனோடு வந்தார். வேதவல்லி சிட்டைப் போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் திரை ஒளிர்ந்தது. "வாங்க சார்" என்று தட்டினார் துரைக்கண்ணு.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "தாமதமில்லை. இது சட்டத்துக்குள் வராது."

"வருவது ஒன்று இருக்கிறது" என்று அல்லிமுத்து ஒரு புகாரை நீட்டினார். முகவரி: கோட்டை, இரண்டாம் மாடி, நவீனத்துறை.

அதிகாரி இரண்டு முறை படித்தார். அவருடைய இடமாறுதல் மனுவும் ஏழு வருடமாக அதே மாடியில்தான் கிடந்தது.

"வண்டியைக் கோட்டைக்கு விடுப்பா" என்றார் ஓட்டுநரிடம்.

திரையில் எழுத்து வந்தது: "வேனில் இடம் போதுமா சார்?"

"நாற்காலியோடு தூக்கணும்னா ரெண்டு நடை" என்றார் அதிகாரி.